வினையடை ஆக்கம்: எசுப்பெராந்தோவும் தமிழும்

தமிழில் வினையடை எனத் தனிச் சொல்வகை ஒன்று உண்டா என்னும் வினா முதுகலை வகுப்புகளில் ஆண்டுதோறும் எழுவதாகும். தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். வினையடை என்றொரு ஐந்தாம் வகையை அவர் கூறவில்லை. நன்னூலாரும் கூறவில்லை. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி பல சொற்களுக்கு வினையடை என்னும் குறிப்பை ஆங்கிலச் சுருக்கத்தால் இட்டது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அதனையே தமிழ்ச் சுருக்கமாக்கி ஒரு சொல்வகையாகவே நிலைநிறுத்தியது. மரபிலக்கணம் ஒன்று கூற, அகராதி வேறொன்று கூறின், மாணவர் எதனைக் கொள்வது? இது பெயரளவிலான வழக்கன்று. ‘அழகாகப் பாடினாள்’ என்பதில் ‘அழகாக’ ஒரு சொல்லா, இரு சொல்லா? அகராதியில் அதற்குத் தனித் தலைச்சொல் வேண்டுமா? கணிப்பொறிக்குத் தமிழ் கற்பிப்போர் அதனை எவ்வாறு பகுப்பது? இவை யாவும் இவ்வினாவைச் சார்ந்தே நிற்கின்றன.

இவ்வினாவுக்கு விடை காண, இயற்கை மொழிகளுள் ஒன்றை எடுத்து ஒப்பிடுவது வழக்கம். யாம் ஈண்டு ஒப்பீட்டுக்குக் கொள்வது ஓர் ஆக்க மொழியாகும். இயற்கை மொழியில் வரலாற்றின் போக்கில் பல வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். எது விதி, எது எச்சம் என்று பிரித்தறிதல் அரிது. ஒருவர் எண்ணித் துணிந்து அமைத்த மொழியிலோ, வினையடை எவ்வாறு ஆக்கப்பட வேண்டும் என்னும் முடிவு வெளிப்படையாகக் கிடைக்கின்றது. அம்முடிவு நடைமுறையில் எங்கே நின்றது, எங்கே தளர்ந்தது என்று காணின், நம் மொழியின் இயல்பும் தெளிவாகும்.

எசுப்பெராந்தோவை அமைத்தவர் கண் மருத்துவரான சாமென்ஹாஃப். 1859இல் பியாலிஸ்டோக் என்னும் ஊரில் பிறந்தவர், 1917இல் மறைந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டிலுள்ளது. அன்று உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நெசவுத் தொழிலால் வளர்ந்த ஊர் அது. உருசியரும் போலந்தியரும் செருமானியரும் யூதரும் தத்தம் மொழியைப் பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஐயுற்று வாழ்ந்தனர் என்றும், அந்நிலையே பொதுமொழி ஒன்றை ஆக்கும் எண்ணத்தைத் தம் இளமையில் விதைத்தது என்றும் அவர் பின்னாளில் எழுதினார். பின்னலாடைத் தொழிலால் வளர்ந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் முன்பே வழங்கிய மண்ணில் இன்று ஒடியாவும் இந்தியும் வங்காளமும் ஒலிக்கும் திருப்பூரில் இருந்து நோக்குவோர்க்கு அவ்வூரின் நிலை எளிதில் விளங்கும்.

அவர் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் இலக்கணம் பதினாறு விதிகளுள் அடங்கிவிட்டது. அவற்றுள் ஏழாம் விதி வினையடைக்குரியது. வினையடை எகரத்தில் முடியும், ஒப்புநிலை பெயரடைக்குக் கூறியவாறே அமையும், விதி அவ்வளவே. பெயர் ஒகரத்திலும், பெயரடை அகரத்திலும், வினையின் அடிப்படை வடிவம் இகரத்திலும் முடியும் என்பன பிற விதிகளாற் பெறப்படும். ஆகவே ‘பேலொ’ என்பது அழகு. ‘பேல’ என்பது அழகான. ‘பேலெ’ என்பது அழகாக. (ஈற்றயல் உயிர் அழுத்தம் பெறும் மொழியாதலின் அதனை நெடிலாக எழுதியுள்ளோம்.) தமிழ் மாணவன் இதனைக் கேட்டவுடன் தன் மொழியை இனங்கண்டுகொள்வான். அழகு, அழகான, அழகாக எனப் பகுதி மாறாது நிற்க, ஈறு மட்டும் மாறி மூன்று தொழிலை ஆற்றுதல் இரு மொழிக்கும் பொது.

அதற்கு முன் 1880இல் செருமானியப் பாதிரியார் சிலேயர் வெளியிட்ட வோலாப்யூக் மொழியில் அமைப்பு வேறு. ‘கூத்’ நன்மை, ‘கூதிக்’ நல்ல, ‘கூதிகொ’ நன்றாக. அங்கே வினையடை பெயரடையின் மேல் ஏறி நிற்கின்றது. 1951இல் வெளிவந்த இன்டர்லிங்குவா, இலத்தீனிய வழிமொழிகளைப் பின்பற்றி ‘மென்தெ’ என்னும் ஈற்றைக் கொண்டது. அவ்வீறு ‘மனத்தால்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததாகும். நம் நாட்டில், 2015இல் வெளிவந்த பாகுபலி திரைப்படத்தின் காலகேயர்க்கு மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி மொழியில் தன்மைக்கு ‘மின்’, முன்னிலைக்கு ‘நிம்’ என எழுத்தைத் திருப்பிப் பொருளைத் திருப்பும் உத்தி காணப்படுகின்றது. அது சொல்லாக்கத்தின்பாற் பட்டதாகலின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

எசுப்பெராந்தோவின் எகர ஈறு எவ்வெவற்றோடு சேரும் என்பதே நம் ஆய்வுக்கு முதன்மையானது. அது பண்புச் சொல்லோடு மட்டும் நிற்பதில்லை. ‘நொக்தொ’ இரவு, ‘நொக்தெ’ இரவில். ‘ஹேய்மொ’ இல்லம், ‘ஹேய்மெ’ இல்லத்தில். ‘லெதேரொ’ கடிதம், ‘லெதேரெ’ கடிதத்தால். ‘மானொ’ கை, ‘மானெ’ கையால். முன்னிடைச் சொல்லோடும் அது சேரும்: ‘ஆந்தௌ’ என்பது முன், ‘அந்தௌவெ’ என்பது முன்னர். தொடரைச் சுருக்கியும் வரும்: இன்மை குறித்த ‘சென்’ என்னும் சொல்லும் ஓய்தலைக் குறித்த பகுதியும் சேர்ந்து ‘சென்ச்சேசெ’ என நின்று, ஓயாமல் என்று பொருள்படும். ஆக, காலம், இடம், கருவி, தன்மை ஆகிய அனைத்தையும் ஒரே ஓர் எகரம் சுமக்கின்றது. எப்பொருளில் சுமக்கின்றது என்பதைப் பகுதியின் பொருளே அறிவிக்க வேண்டும்.

தமிழ் இவ்வாறு ஒன்றன் தலையில் அனைத்தையும் ஏற்றவில்லை. கருவிக்கு மூன்றாம் வேற்றுமையும், இடத்திற்கும் காலத்திற்கும் ஏழாம் வேற்றுமையும் உள. தன்மைக்கே ‘ஆக’, ‘ஆய்’ என்பன வருகின்றன. ‘இரவாக வந்தான்’ என்றோ, ‘கையாகத் தைத்தான்’ என்றோ நாம் கூறுவதில்லை. எனவே மேலை நாட்டு இலக்கணம் வினையடை என ஒரு பெயரால் தொகுப்பவற்றைத் தமிழிலக்கணம் வேற்றுமையிலும் எச்சத்திலும் உரியிலும் இடையிலும் பகுத்து வைத்தது எனக் கொள்வதே நேரிது. ‘இரவில்’ என்பதும் ‘மெல்ல’ என்பதும் ‘நனி’ என்பதும் வினையைச் சிறப்பிக்கும் தொழிலால் ஒன்று, வடிவால் வெவ்வேறு. தொல்காப்பியர் வடிவு நோக்கிப் பகுத்தார். தொழிலை நோக்கிய பெயர் அவர் நூலில் இல்லாமையைக் குறையென்று கூறுதல் பொருந்தாது.

இனி எச்சத்திற்கு வருவோம். இங்கேதான் ஒப்பீடு மிகச் செழிப்பாக அமைகின்றது. எசுப்பெராந்தோவில் வினைப்பகுதியோடு காலங்காட்டும் இடைநிலை சேர்ந்து, இறுதியில் அதே எகரம் சேரின், நம் வினையெச்சம் போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். ‘இந்த்’ இறந்த காலம், ‘ஆந்த்’ நிகழ்காலம், ‘ஓந்த்’ எதிர்காலம். எழுதுதலைக் குறித்த ‘ஸ்க்ரிப்’ என்னும் பகுதியிலிருந்து ‘ஸ்க்ரிபீந்தெ’ எழுதி, ‘ஸ்க்ரிபாந்தெ’ எழுதிக்கொண்டு, ‘ஸ்க்ரிபோந்தெ’ எழுதப் புகுந்து. இவ்வடிவங்கட்கு அம்மொழி ஒரு கட்டுப்பாட்டை விதித்தது: எச்சத்தின் வினைமுதலும் முற்றின் வினைமுதலும் ஒன்றாதல் வேண்டும். ‘கடிதம் எழுதி அவன் உறங்கினான்’ எனலாம். எழுதியவன் ஒருவன், உறங்கியவன் ஒருவனாயின் இவ்வடிவைக் கையாளலாகாது. தனி வாக்கியமாக விரித்தே கூறல் வேண்டும்.

இக்கட்டுப்பாட்டைத் தமிழ் மாணவர் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கிய பின்னர், அவற்றுள் முதலில் நின்ற செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், செய என்பது முதலாய ஏனையவை பிறிதோர் எழுவாயின் வினையையும் கொள்ளும் என்றும் வரையறுத்தார். ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ எனச் செயவென் எச்சம் வருதல் இதனாற் பெறப்படும். வினைமுதல் வேறாயினும் எச்சத்தை இழக்காதிருக்கும் இவ்வசதி எசுப்பெராந்தோவில் இல்லை. ஐரோப்பிய மொழிகளை முன்மாதிரியாகக் கொண்டமையின் அதன் ஆக்கியோர்க்கு இது தோன்றாது போயிற்று என்பது எம் கருத்து. ஆயினும் முதல் மூன்றற்குரிய விதி, நெடுங்காலமும் நெடுந்தொலைவும் கடந்து, தமிழை அறியாத ஒருவர் ஆக்கிய மொழியிலும் காணப்படுதல் வியப்பன்று. எழுவாயை மீளக் கூறாது வினையை இணைக்க விரும்பும் எந்த மொழியும், விடுபட்ட எழுவாயைக் கேட்போன் எவ்வாறு அறிவான் என்னும் வினாவுக்கு விடை கூறியாதல் வேண்டும்.

இவ்வெச்சங்களே தமிழில் வினையடையின் பெரும்பகுதித் தொழிலை ஆற்றுகின்றன. ‘நடந்து வந்தான்’ என்பதில் நடத்தல் முன்நிகழ்ந்த வினையா, வந்தமையின் தன்மையா? ‘விரைந்து சென்றான்’ என்பதில் ஐயமேயில்லை, அது தன்மையே. ‘மெல்ல’, ‘நிறைய’, ‘மிக’ முதலியன செயவென் வாய்பாட்டின் உருவில் நின்று, வினைப்பொருள் மங்கித் தன்மைப்பொருள் ஓங்கியவை. இவற்றுட் சிலவற்றைக் குறிப்பு வினையெச்சம் என்று பள்ளி இலக்கணம் கூறும். ஒலிக்குறிப்பையும் விரைவுக் குறிப்பையும் ‘என’ என்னும் இடைச்சொல் ஏற்றுச் ‘சட்டென’, ‘திடீரென’ என வினையோடு பொருத்துகின்றது.

‘ஆக’ என்பதையும் அவ்வாறே ‘ஆகு’ என்னும் வினையின் செயவென் எச்சம் என்று கூறி அமைந்துவிடலாகாதா எனின், வரலாற்று முறையில் அது மெய்யே. இன்றைய வழக்கில் அக்கூற்று நில்லாது என்பதற்குச் சில சான்றுகள் உள. ‘சாயம் ஏறிய துணி சிவப்பாக ஆயிற்று’ என்று கூறுகின்றோம். ‘ஆக’ என்பதில் ஆதற்பொருள் இன்னும் உயிருடன் இருப்பின், மீண்டும் ‘ஆயிற்று’ என்பது கூறியது கூறலாய் முடியும். அங்ஙனம் எவர்க்கும் தோன்றுவதில்லை. இனி எதிர்மறை நோக்குக. ‘எழுத’ என்பதன் எதிர்மறை ‘எழுதாமல்’. ‘ஆக’ வினையெச்சமேயாயின் ‘அழகாகப் பாடினாள்’ என்பதன் எதிர்மறை ‘அழகாகாமல் பாடினாள்’ என வருதல் வேண்டும். வருவதோ ‘அழகின்றிப் பாடினாள்’ என்பதாம். ‘அழகாகிப் பாடினாள்’ எனின் பொருளே வேறு. ஒப்பனை செய்துகொண்ட பின் பாடினாள் என்று கேட்போர் கொள்வர். எனவே இன்றைய ‘ஆக’ ஓர் உருபின் நிலையை எய்திவிட்டது. மனத்தைக் குறித்த இலத்தீன் சொல் தேய்ந்து வெறும் ஈறானதும், ஆதலைக் குறித்த தமிழ்ச் சொல் தேய்ந்து ஈறானதும் ஒரே தன்மையன.

ஆயினும் எசுப்பெராந்தோவின் எகரத்தோடு இதனை முற்றும் ஒன்றென்று கொள்ளலாகாது. ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று தமிழில் கூறுகின்றோம். எசுப்பெராந்தோவில் அங்கே வினையடை வாராது; ‘பேல’ எனப் பெயரடையே வரும். தமிழர் அம்மொழியைக் கற்கின் பிழைபடற்குரிய இடம் இது. காரணம் எளிது. இரு மொழிகளிலும் ‘இரு’ என்பதற்குரிய நிலை வேறு. அவர்தம் மொழியில் அது எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் கண்ணி மாத்திரமே. தமிழில் அவ்விணைப்புக்கு வினையே வேண்டாம். ‘அவள் அழகி’ என்றாலே வாக்கியம் முற்றும். எனவே ‘இரு’ என்பது வருமிடத்து அது நிலைபெறுதலை உணர்த்தும் நிறைவினையாக நின்று, தனக்கோர் அடையை வேண்டுகின்றது. எழுவாயே இல்லாதவிடத்து இரு மொழியும் மீண்டும் ஒன்றுபடுகின்றன: ‘வெப்பமாக இருக்கிறது’ என்பதற்கு அங்கும் ‘எஸ்தாஸ் வார்மெ’ என எகர ஈறே வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘தலைவராகப் பேசினார்’ என்பதிலுள்ள ‘ஆக’ நிலையைக் குறித்தது. எசுப்பெராந்தோ அதனை ‘கீயெல்’ என்னும் தனிச்சொல்லால் கூறும். ‘எனக்காக’ என்பதில் ‘ஆக’ நான்காம் வேற்றுமையைத் தழுவியது. ஆகவே ‘ஆக’ என்பதற்கு ‘வினையடை உருபு’ எனப் பெயரிடின், அப்பெயர் அதன் தொழில்களுள் ஒன்றற்கே உரியதாகும் என்பதை உடன் கூறல் வேண்டும்.

ஓர் ஈறு உயிருள்ள ஆக்க உருபா, பழைய வடிவத்தின் எச்சமா என்று காண்பதற்கு உறுதியான அளவுகோல் ஒன்றுண்டு. முன்பு மொழியில் இல்லாத சொல் புதிதாக நுழையும்போது அதனோடு அவ்வீறு சேர்கிறதா என்று நோக்க வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களின் பேச்சு இதற்கு வாய்ப்பான களமாகும். மாணவர் பலர் விடுமுறையிலும் மாலையிலும் அங்கே பணி செய்வோராதலின், அவர்கள் வாயிலாக அப்பேச்சு வகுப்பறைக்கும் எளிதில் வந்து சேர்கின்றது. ‘லூசாத் தைக்காதே’, ‘டைட்டா மடி’, ‘ஸ்ட்ரெய்ட்டா வெட்டு’, ‘கரெக்ட்டா எண்ணு’, ‘அர்ஜெண்ட்டா அனுப்பு’ என்பன நாள்தோறும் வழங்குவன. ‘ஆக’ என்பது பேச்சில் ‘ஆ’ எனக் குறைந்தது. அதன் முன் நிற்கும் ஆங்கிலச் சொல் தன் மொழியில் பெயரடையா, வினையடையா, பெயரா என்பதைத் தமிழ் பொருட்படுத்தவில்லை. துணி கிலோவாக வருகிறது; பனியன் பீஸாகப் போகிறது. பின்னல் துணியை எடையால் அளப்பதும் தைத்த ஆடையை எண்ணிக்கையால் அளப்பதும் இத்தொழிலின் வழக்கம். அவ்விரு அளவையும் ஓர் உருபு ஏற்றுக்கொண்டது. இவ்விடத்தில் ‘ஆக’ எகர ஈற்றைப் போன்றே எல்லாப் பகுதியோடும் சேர்கின்றது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் வினையடையாக்கும் ‘லி’ என்னும் ஈற்றைத் தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் களைந்துவிடுகின்றது. ‘கரெக்ட்லி’ என்பாரோ ‘லூஸ்லி’ என்பாரோ இல்லை. உருபு தன்னிடம் இருக்கப் பிறமொழி உருபைக் கடன்கொள்ள வேண்டிய தேவை எழவில்லை. வினையைக் கடன்கொள்ளும்போதும் இவ்வாறே ‘செக் பண்ணி’, ‘அட்ஜஸ்ட் பண்ணி’ என எச்ச வடிவம் தமிழாகவே நிற்கின்றது. சொற்கலப்பை யாம் போற்றுவோம் அல்லோம். ‘தளர்வாக’, ‘இறுக்கமாக’ என்னும் நற்சொற்கள் கையிலிருக்கப் பிறசொல் ஏன் என்று மாணவரைக் கேட்பதும் உண்டு. எனினும் கலந்த சொல்லிலும் இலக்கணம் எவ்வாறு தன் ஆட்சியைச் செலுத்துகின்றது என்பதை ஆய்வாளர் காணாது விடலாகாது. இந்த ‘ஆ’ வினாவின் ஆகாரத்தோடு மயங்கும் இடமும் உண்டு. ‘லூசா?’ என்று தையற்காரரைப் பார்த்துக் கேட்டால் தையலைப் பற்றிய வினாவாகவே முடியும் என்று உறுதி கூற இயலாது!

விதிக்கு அடங்காதனவும் உள. ‘டெய்லி வருகிறான்’, ‘ஆல்ரெடி முடித்துவிட்டான்’, ‘நைட்டு வந்தான்’ என்பவற்றில் ‘ஆ’ சேர்வதில்லை. ‘டெய்லி’ தன் ‘லி’யையும் இழக்கவில்லை. இவை அனைத்தும் காலங்குறித்த சொற்கள் என்பது நோக்கற்பாலது. தமிழிலும் இன்று, நேற்று, நாளை, இனி, இரவு, காலை என்பன உருபு ஏலாமலே வினையைச் சிறப்பிக்கும். திருப்பூர் வட்டாரத்தில் ‘நேரமே எழுந்தான்’ என்பதும் அத்தகையது. எசுப்பெராந்தோவிலும் இதே இடத்தில் விதி தளர்கின்றது. ‘ஹொதீயௌ’ இன்று, ‘ஹியேரௌ’ நேற்று, ‘மோர்கௌ’ நாளை, ‘நூன்’ இப்பொழுது, ‘யாம்’ ஏற்கெனவே. இவற்றுள் ஒன்றேனும் எகரத்தில் முடியவில்லை. எல்லா வினையடையும் ஓரீற்றதாதல் வேண்டும் என்று விதித்தவரே, அடிக்கடி வழங்கும் காலச் சொற்களை ஈறின்றி விட்டார். சுட்டும் வினாவும் அவ்வாறே. அங்கே ‘தீயெ’ அங்கு, ‘கீயெ’ எங்கு, ‘தீயம்’ அப்பொழுது, ‘கீயம்’ எப்பொழுது எனத் தலையெழுத்து சுட்டையும் வினாவையும் குறிக்க, ஈறு இடத்தையும் காலத்தையும் குறிக்கின்றது. ஐந்து தலைக்கு ஒன்பது ஈறு சேர்த்து நாற்பத்தைந்து சொற்களை வரிசையாக அமைத்தனர். நம் அ, இ, உ, எ என்பவை அங்கு, இங்கு, உங்கு, எங்கு எனவும், அன்று, இன்று, என்று எனவும் நிற்கும் முறை அதுவே. ஈழத்து வழக்கு உகரச் சுட்டை இன்றும் இழக்கவில்லை. எசுப்பெராந்தோவில் அண்மைச் சுட்டுக்குத் தலையெழுத்தே இல்லை. ‘ச்சி’ என்னும் துணைச்சொல்லைச் சேர்த்தே ‘இங்கு’ என்பதனைக் கூற வேண்டும். இவ்வொரு கூற்றில் தமிழ் அதனினும் ஒழுங்கு மிக்கது.

உலக எசுப்பெராந்தோ சங்கத்திற்கு 2007 முதல் 2013 வரை தலைவராக இருந்தவர் புரோபால் தாசுகுப்தா என்னும் வங்காள மொழியியல் அறிஞர். இந்திய மொழிகளை அறிந்தோர் இம்மொழியை ஆராய்தல் புதுமையன்று. தமிழ்த் துறைகளில் அதன் எச்சங்களை மட்டுமேனும் எடுத்துக்கொண்டு தொல்காப்பிய வினையியலோடு வைத்து நோக்கலாம்.

அகராதியின் வினாவுக்கு மீள்வோம். ‘ஆக’ உயிருள்ள உருபு என்பது மேற்கூறியவற்றால் துணியப்படுமாயின், ‘அழகாக’, ‘வேகமாக’ போன்றவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக ஏற்ற வேண்டுவதில்லை. பெயரின்கீழ் உருபேற்ற வடிவம் எனச் சுட்டினால் போதும். எசுப்பெராந்தோ அகராதிகள் பகுதியைத் தலைச்சொல்லாக்கி, அதன்கீழ் ஒகர, அகர, எகர வடிவங்களை அடுக்கும் வழக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. தனித் தலைச்சொல் பெறற்குரியன இருவகை. உருபு ஏலாமல் நிற்கும் இன்று, இனி, மெல்ல, நனி போல்வன ஒன்று. உருபேற்றும் பொருள் விலகியவை மற்றொன்று. ‘நேராக’ என்பது ‘நேர்’ என்பதன் பொருளிலேயே நிற்கும். ‘பொதுவாக’, ‘முக்கியமாக’ என்பன வினையை விட்டு முழு வாக்கியத்தையும் தழுவுகின்றன. கொங்கு வழக்கில் எல்லாரும் சேர்ந்து என்னும் பொருளில் வரும் ‘ஒட்டுக்கா’ என்பதும் இவ்விரண்டாம் வகையினது. அதனைப் பிரித்து ‘ஒட்டுக்கு’ என்று தனியே வழங்குவார் இல்லை.